ஆறு கரண்டி

மார்கழியில் தலவாக்கலையில்
தேங்காயெண்ணெய் ஊற்ற வராது.
தகரத்துக்குள் மெழுகுபோல் வெளுத்துக் கிடக்கும்.
ஜவுபர் நானா அகப்பையால் தோண்டுவார்,
பொலித்தீன் பையில் போட்டுத் தராசில் வைப்பார்:
"சரியா ஒரு கிலோ, பாத்துக்குங்க."

பஸ் நிலையத்துக்குப் பின்னால் என் வடைக் கடை.
பையை வெந்நீரில் இறக்கி உருக்கி
லீட்டர் ஜக்கில் ஊற்றினேன்.
கோடு வந்ததும் நிறுத்தினேன்.
பையில் இன்னும் இருந்தது.

பையின் மூலையைக் கிள்ளி
மேசைக்கரண்டியால் எண்ணினேன்.
ஆறு கரண்டி, ஒரு சொட்டுக் குறைவாக.
பத்து வடை குடிக்கிற எண்ணெய்.

வெயில் மாதங்களில் அதே நானா
அதே விலைக்கு
ஜக்கால் அளந்துதான் ஊற்றுவார்.
பலகையில் சோக்கால் எழுதியிருப்பதோ கிலோ விலை.
கிலோவும் லீட்டரும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்று
இந்த டவுனே நம்பிக்கொண்டிருந்தது, நானும்தான்.
தண்ணீருக்கு அது சரி.
எண்ணெய் தண்ணீரில் மிதக்கிற சாமான்.
தினமும் சட்டி கழுவுகையில் மிதக்கக் கண்டும்
கணக்கில் காணவில்லை.

மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில்
அதற்கு அடர்த்தி என்று பெயர்.
ஒரு லீட்டர் தொள்ளாயிரத்து இருபது கிராம்.
மிச்சம் எண்பது?

பதினெட்டு வருசம் மலையில் கொழுந்தெடுத்தவள் நான்.
சாக்குக்கு இரண்டு கிலோ,
ஈரத்துக்கு இரண்டு கிலோ.
தராசு முள் நிற்கும் முன்பே
கணக்கப்பிள்ளையின் பென்சில் நின்றுவிடும்.
அங்கே திறக்காத வாயை
இங்கே திறந்தேன்.

"நானா, கிலோ விலைன்னா கிலோ குடுங்க."

ஜக்கை வெறுமையாக நிறுத்தோம்.
நிரப்பி நிறுத்தோம்.
கழித்தோம்.
முள் தொள்ளாயிரத்து இருபதில் நின்று நடுங்கியது.

நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிடிபட்டவன் முகமில்லை அது.
பதினைந்து கிலோத் தகரத்தில்
பதினைந்து லீட்டர் விற்ற பிறகும்
அடியில் ஒன்றே முக்கால் போத்தல் மிஞ்சுமாம்,
ஒவ்வொரு தகரத்திலும்.
"பரக்கத் என்டு நெனச்சேன் தங்கச்சி.
பதினொரு வருசமா."

அந்த ஒன்றே முக்கால் போத்தலை எனக்குத் தெரியும்.
சம்பளத்துக்கு முந்தின கிழமை
காசில்லாமல் வெறும் போத்தலோடு நிற்கிறவர்களுக்கு
கொப்பியில் எழுதாமல் ஊற்றுவாரே,
அது.
நானும் நின்றிருக்கிறேன்.
இரண்டு தடவை. இல்லை, மூன்று.

எங்கள் எண்பதுகளைச் சேர்த்து
எங்களுக்கே தர்மம்.
சொல்லிச் சிரிக்க வேண்டும் போலிருந்தது.
வாய்வரை வந்து உறைந்துவிட்டது.

பொங்கலுக்குப் பிறகு பலகை மாறியது.
லீட்டர் ஒரு விலை, கிலோ ஒரு விலை.
நேர்மையான எழுத்து,
லீயின் சுழி மட்டும் கோணல்.
வடைக்கு உளுந்து ஊறப் போடும்போது
மனசுக்குள் எண்பது கிராம் கர்வம் எனக்கு.

தகரம் இப்போது கணக்காக முடிகிறது.
போன கிழமை வட்டகொடைப் பக்கமிருந்து
பூரணத்தின் மருமகள் வந்தாள்,
இடுப்பில் பிள்ளை, கையில் வெறும் போத்தல்.
நானா ஒன்றும் பேசாமல்
தகரத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.
பொய்யில்லை.
குளிருக்கு உட்சுவரில் ஒட்டிக்கொண்ட
வெள்ளைப் படலம் தவிர
ஒன்றுமில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கடைக்குப் போய்
தகரம் நிற்கிற அகலத்தில் ஒரு சட்டி தேடி
அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.
நானா தகரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.
சுவரிலிருந்து அது வழுக்கி இறங்க
ஒரு ரயில் போகும் நேரம் பிடித்தது.

நாலு கரண்டி இருக்கும்.
அளக்கவில்லை.